மோனோகுலர் வாங்கப் போகிறீர்களா? பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள்!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பைனாகுலர் பற்றி என்ன கட்டுரை என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது. நமக்கெல்லாம் நன்றாகப் பழக்கமான ஓர் ஏமாற்று வித்தை இப்போது லென்ஸ் வியாபாரத்தில் ஜோராக நடந்து கொண்டிருக்கிறது. அதில் நானே போய் விழுந்தேன். நான் மட்டும் விழுந்திருந்தால் 899 ரூபாயோடு போயிருக்கும். கூடவே என் அப்பாவையும் இழுத்துத் தள்ளி விட்டேன்.

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போனால் பெட்டியின் மேல் "1,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கூட வரும் அடாப்டரைப் பார்த்தால் பத்து வாட்ஸைக் கூடத் தாங்காது. சிடி டிரைவில் "52எக்ஸ்" என்று இருக்கும். சிடியின் வெளி ஓரத்தைப் படிக்கும்போது மட்டும்தான் அந்த வேகம். உள் பக்கத்தில் அதில் பாதி கூடத் தேறாது. வெப் கேமராவில் மெகா பிக்ஸலை சாஃப்ட்வேர் மூலம் ஊதிப் பெரிதாக்கி விற்றார்கள். இதையெல்லாம் இந்தப் பக்கங்களில் கிழி கிழி என்று கிழித்திருக்கிறோம். அப்படிப்பட்ட நான், இன்னொரு பெட்டியில் இன்னொரு எண்ணைப் பார்த்ததும் வாயைப் பிளந்தேன் என்றால் என்ன சொல்வது?

மோனோகுலர் என்பது பைனாகுலரில் பாதி. ஒரே ஒரு குழல். ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். சட்டைப் பையில் அடங்கும். இரண்டு குழலுக்கும் இரண்டு செட் லென்ஸுக்கும் காசு கொடுக்காமல், அதே பணத்தில் இன்னும் தரமான ஒரு குழலை வாங்கலாம் என்பது இதன் லாபம்.

அப்பாவும் அந்த 40×60-ம்

அப்பாவுக்கு அப்போது வயது 74. ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே மெயில் சர்வீஸில் ஸார்ட்டராக வேலை பார்த்தவர். ஓடும் ரயிலின் தபால் வண்டியில் நின்றபடி, மங்கலான பல்பு வெளிச்சத்தில், யார் யாரோ கிறுக்கிய விலாசங்களைப் படித்து, ஊர் வாரியாகப் பிரித்து அறைகளில் போட வேண்டும். "என் கண்ணை வெச்சுத்தாண்டா நாம சாப்பிட்டோம்" என்று அடிக்கடி சொல்வார். இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகி விட்டது. கண்ணாடி போடுகிறார். சிலிண்டர் பவரும் உண்டு. இந்த சிலிண்டர் பவர் விஷயம் முக்கியம். பின்னால் வருகிறேன்.

ரிட்டயர் ஆன பிறகு அவருக்குப் பறவைகள் மேல் ஒரு பிரியம். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஒரு ஓரம் தெரியும். சாயங்காலம் ஆனால் அங்கேதான் நிற்பார். 2023 நவம்பரில் அவருக்காக ஆன்லைனில் ஒரு மோனோகுலர் ஆர்டர் செய்தேன். "40×60, ஹெச்.டி., டே அண்ட் நைட் விஷன்". மொபைல் கிளிப் இலவசம். குட்டி டிரைபாட் இலவசம். நாலரை நட்சத்திரம். வீட்டில் நான்தானே டெக்னிக்கல் ஆள்? ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை.

டிசம்பரில் வேடந்தாங்கல் போனோம். சென்னையிலிருந்து சுமார் 75 கிலோ மீட்டர். ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கிளை தெரியாமல் பறவைகள் உட்கார்ந்திருக்கும். பார்வை கோபுரத்தில் ஏறி அப்பா அந்தக் குழலைக் கண்ணில் வைத்தார். திருகினார். எடுத்தார். வேட்டி முனையால் துடைத்தார். மறுபடி வைத்தார். பக்கத்தில் ஒரு சிறுமி, அவள் மாமாவின் பழைய பைனாகுலரில் பார்த்துக் கொண்டிருந்தாள். "தாத்தா, அந்த நாரை மூக்குல சந்து இருக்கு, பாருங்க!" என்றாள். அது நத்தை குத்தி நாரை. அதன் அலகை மூடினாலும் மேல் பாதியும் கீழ் பாதியும் நடுவில் ஒட்டாது. ஒரு இடைவெளி தெரியும். அப்பா ஐந்து நிமிடம் முயன்றார். பிறகு குழலை என்னிடம் நீட்டினார். "பரவாயில்லடா. எனக்குத்தான் தெரியல."

நான் பார்த்தேன். எனக்குக் கண்ணாடி கிடையாது. கொஞ்சம் மங்கலாக, புகை படிந்தது போல் இருந்தாலும் பறவை தெரிந்தது. சரி, அப்பாவுக்கு வயதாகிறது என்று நானும் நினைத்தேன். இதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து என் மேஜையில் அவருடைய ஸ்கூட்டர் சாவி இருந்தது. "இனிமே நீயே வெச்சுக்கோ. கண்ணு சரியில்லாம ரோட்ல போகக் கூடாது" என்றார். பேப்பரில் குறுக்கெழுத்துப் போடுவதையும் விட்டார். மாடிக்குப் போவதையும் விட்டார். மூன்று வாரம் இப்படியே போனது. பிறகு அம்மா பிடித்துத் தள்ளிய பிறகுதான் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன்.

பரிசோதனை செய்த பெண் நிதானமாகப் பார்த்தார். கண்ணாடியோடு கடைசிக்கு முந்தின வரி வரை தடுமாறாமல் படித்தார் அப்பா. "போன வருஷம் இருந்த அதே பவர்தான். ஒண்ணும் மாறலை ஐயா" என்றார் அந்தப் பெண். அப்பா நம்பவில்லை. "பைனாகுலர் வெச்சுக் கூடத் தெரியலையேம்மா." அந்த வார்த்தையைப் பிடித்துக் கொண்டு, அதைக் கொண்டு வரச் சொன்னார். மறுநாள் எடுத்துப் போனேன். ஜன்னல் பக்கம் திருப்பி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். சிரித்து விட்டார். "இதை வெச்சா பார்த்தீங்க? கண்ணாடி போட்டவங்க யாருக்கும் இதுல சரியாத் தெரியாது ஐயா. உங்க கண்ணுல கோளாறு இல்ல."

மறுநாள் காலை என் மேஜையில் சாவி இல்லை. வாசலில் ஸ்கூட்டரும் இல்லை. பால் வாங்கப் போயிருந்தார்.

அந்த இரண்டு எண்கள்

அதன் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை!

8×25 என்று போட்டிருந்தால், 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 80 மீட்டர் தள்ளி இருக்கும் கொக்கு, 10 மீட்டரில் இருப்பது போல் தெரியும். 25 என்பது முன் லென்ஸின் குறுக்களவு, மில்லி மீட்டரில். எவ்வளவு ஒளி உள்ளே வருகிறது என்பதை இது தீர்மானிக்கிறது. இவ்வளவுதான் அடிப்படை.

இப்போது முதல் எண்ணைப் பாருங்கள். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். தப்பு. 40 மடங்கு பெரிதாக்கினால் உங்கள் கை நடுக்கமும் 40 மடங்கு பெரிதாகும். ஓடும் பஸ்ஸில் நின்று கொண்டு எஸ்.எம்.எஸ். டைப் செய்த மாதிரி இருக்கும். ஸ்டாண்டில் பூட்டாமல் பார்க்கவே முடியாது. கையில் பிடித்துப் பார்க்க 8 மடங்கு சௌகரியம். 10 என்பது கை உறுதியான இளைஞர்களுக்கு. அதற்கு மேல் போனால் தொல்லைதான்.

தெரியும் பரப்பும் சுருங்கும். சாதாரண 8 மடங்கு மோனோகுலரில் சுமார் ஆறரை டிகிரி பரப்பு தெரியும் என்று வைத்துக் கொள்ளுங்கள். 1,000 மீட்டர் தூரத்தில் அது 110 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதே மாதிரி கண் லென்ஸோடு நிஜமாகவே 40 மடங்கு இருந்தால் அது வெறும் 22 மீட்டர் ஆகி விடும். பறக்கும் பறவையை அந்தச் சின்ன ஓட்டைக்குள் தேடிப் பிடிப்பதற்குள் அது ஆந்திராவுக்கே போய்ச் சேர்ந்து விடும்.

அடுத்தது வெளிச்சம். முன் லென்ஸ் அளவை மடங்கால் வகுத்தால், கண் பக்கத்தில் வெளியே வரும் ஒளி வட்டத்தின் அளவு கிடைக்கும். எக்ஸிட் பியூப்பில் என்பார்கள். 8×25 என்றால் 3.1 மி.மீ. 8×42 என்றால் 5.25 மி.மீ. 40×60 என்பது உண்மையாக இருந்தால் வெறும் 1.5 மி.மீ. நம் கண்ணின் பாப்பா பட்டப் பகல் வெயிலில் 2 முதல் 3 மி.மீ. வரை திறந்திருக்கும். இருட்டில் இளைஞர்களுக்கு 7 மி.மீ. வரை கூட விரியும். வயதானவர்களுக்கு அந்த அளவு விரியாது. ஆகவே பகலுக்கு 2.5 முதல் 3 மி.மீ. ஒளி வட்டம் போதும். அதிகாலை, அந்தி நேரம், அடர்ந்த காடு என்றால் 4 அல்லது 5 வேண்டும். 1.5 என்பது இருட்டுக் குகை. அந்தக் குழலுக்குத்தான் "நைட் விஷன்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! நிஜமான நைட் விஷன் கருவிக்குள் ஒளியைப் பெருக்கும் ட்யூபோ, இன்ஃப்ரா ரெட் சென்ஸாரோ இருக்கும். பேட்டரி இல்லாமல் அது வேலை செய்யாது. வெறும் லென்ஸ் குழலுக்கு நைட் விஷன் கிடையவே கிடையாது.

பெட்டியில் போடாத மூன்றாவது எண் ஒன்று உண்டு. அப்பாவைக் கவிழ்த்தது அதுதான். ஐ ரிலீஃப் என்று பெயர். கண் லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருந்தாலும் முழு வட்டமும் தெரியும் என்பதைக் குறிக்கும் தூரம் அது. மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு இது குறைந்தது 15 மி.மீ. வேண்டும். இல்லாவிட்டால் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல் நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரியும். கண்ணாடியைக் கழற்றி விட்டால் ஆயிற்று என்பீர்கள். வெறும் கிட்டப் பார்வையோ தூரப் பார்வையோ என்றால் சரிதான், ஃபோகஸ் வளையத்தைத் திருகிச் சரி செய்து கொள்ளலாம். சிலிண்டர் பவர் அப்படி அல்ல. எவ்வளவு திருகினாலும் அது சரியாகாது. கண்ணாடியோடுதான் பார்த்தாக வேண்டும். நான் வாங்கிய பெட்டியில் இந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் போதும்

பெட்டியில் போட்டிருப்பது உண்மையா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து முன் லென்ஸை அளந்தேன். 60 மி.மீ. இருக்க வேண்டும் அல்லவா? 42 தான் இருந்தது! அடுத்து, அந்தப் பெண் செய்தது போல் குழலை வெளிச்சமான சுவர் பக்கம் திருப்பி, கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கண் லென்ஸைப் பார்த்தேன். நடுவில் ஒரு சின்ன வெள்ளை வட்டம் மிதக்கிறது. அதுதான் எக்ஸிட் பியூப்பில். அதன் மேல் ஸ்கேலை வைத்தால் 5 மி.மீ. 42-ஐ 5-ஆல் வகுத்தால் 8.4. ஆக, 40 மடங்கு என்று நான் காசு கொடுத்தது வெறும் எட்டு மடங்கு. குழலுக்குள் ஒளியை மறைக்கும் தடுப்பு ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் தவறும். அதனால் இன்னொரு விதமாகவும் சோதித்தேன்.

எதிர் வீட்டு மாடியில் ஒரே அளவு கட்டங்கள் கொண்ட கிரில் இருக்கிறது. ஒரு கண்ணில் மோனோகுலர், இன்னொரு கண் சும்மா. இரண்டையும் திறந்து வைத்துப் பார்த்தால் பெரிய கட்டமும் சின்னக் கட்டங்களும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். ஒரு பெரிய கட்டத்துக்குள் எத்தனை சின்னக் கட்டம் வரிசையாக அடங்குகிறது என்று எண்ணுங்கள். எனக்கு எட்டரை வந்தது. கொஞ்சம் பழக வேண்டும். முதல் தடவை தலை சுற்றும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. கலீலியோ 1610-இல் வெளியிட்ட புத்தகத்திலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார். ஒன்றைப் போல் 400 மடங்கு பரப்பு கொண்ட இன்னொரு வட்டத்தைக் காகிதத்தில் வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள், ஒரு கண்ணில் தொலைநோக்கியால் சின்னதையும் மறு கண்ணால் பெரியதையும் பாருங்கள், இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்தால் உங்கள் கருவி 20 மடங்கு என்றார். நானூறு வருடத்துக்கு முன்பே வாங்குபவனுக்குச் சோதனை சொல்லித் தந்திருக்கிறார்கள். நாம் நட்சத்திரத்தை எண்ணிக் கொண்டிருக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை என்ன தெரியுமா? எட்டு மடங்கு என்பது கைக்குச் சரியான அளவுதான். "8×42" என்று நேர்மையாக எழுதி, கண்ணாடிக்குச் செலவு செய்திருந்தால் நல்ல கருவியாகவே இருந்திருக்கும். ஆனால் பணம் எல்லாம் பெட்டிக்கும் கிளிப்புக்கும் டிரைபாடுக்கும் போய் விட்டது. அந்த வெள்ளை வட்டம் முழு வட்டமாக இல்லாமல் ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம் போலச் சாம்பல் பூத்திருந்தது. உள்ளே இருக்கும் ப்ரிஸம் மட்ட ரகம் என்பதற்கு அது அடையாளம். நல்லவற்றில் பேக்-4 என்ற கண்ணாடி போடுவார்கள், மலிவானவற்றில் பி.கே.7.

கோட்டிங்கும் அப்படித்தான். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போய் விடும். உள்ளே பத்துப் பரப்பு இருந்தால் கடைசியில் மூன்றில் ஒரு பங்கு ஒளி காலி! திரும்பிய ஒளி சும்மா இருக்காமல் உள்ளுக்குள் சுற்றிப் படத்தின் மேல் புகை மாதிரி படியும். எல்லாப் பரப்பிலும் மல்ட்டி கோட்டிங் செய்திருந்தால் இந்த நஷ்டம் மிகவும் குறைந்து விடும். கடையில் ட்யூப் லைட்டுக்குக் கீழே முன் லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள். பிரதிபலிப்பு மங்கலாகப் பச்சையோ ஊதாவோ தெரிந்தால் நல்லது. பளிச்சென்று வெள்ளையாக லைட்டே தெரிந்தால் கோட்டிங் இல்லை. மாணிக்கக் கல் மாதிரி சிவப்பாக ஜொலித்தால் வாங்கவே வாங்காதீர்கள். அது பார்ப்பவரை மயக்கத்தான். உள்ளே வர வேண்டிய சிவப்பு நிறத்தை வெளியே துரத்தி விட்டு, காட்சியைப் பச்சையாக்கிக் காட்டும்.

கையில் போன் இருக்கும்போது இது எதற்கு?

இந்தக் கேள்வியை என் பையன் கேட்டான். அவன் போனில் 100 மடங்கு ஜூம் என்று போட்டிருக்கிறதாம். இதோ இன்னொரு எண்!

ஒரு சோதனை செய்யுங்கள். போன் கேமராவை 1எக்ஸில் வைத்து, நிமிர்த்திப் பிடித்து, ஓர் அடி தள்ளி வைத்துக் கொண்டு தூரத்துத் தண்ணீர் தொட்டியைப் பாருங்கள். திரையில் தெரியும் தொட்டியையும் நேரே தெரியும் தொட்டியையும் ஒப்பிடுங்கள். திரையில் இருப்பது ரொம்பச் சின்னது! போனின் மெயின் கேமரா அகலமான காட்சியை எடுத்துச் சின்னத் திரையில் சுருக்கிக் காட்டுகிறது. ஜூமை மெல்ல ஏற்றிக் கொண்டே போனேன். நான்கரை எக்ஸ் பக்கம் வந்தபோதுதான் திரைத் தொட்டியும் நிஜத் தொட்டியும் ஒரே அளவாயின. அதாவது போனின் ஐந்து மடங்கு என்பது கண்ணுக்கு ஒரு மடங்கு சொச்சம்தான். எட்டு மடங்கு மோனோகுலர் காட்டும் அளவைப் போன் திரையில் பார்க்க 35 எக்ஸுக்கு மேல் போக வேண்டும். அங்கே போவதற்குள் பெரும்பாலான போன்களில் லென்ஸ் வேலை முடிந்து, சாஃப்ட்வேர் ஊகித்து வரைவது ஆரம்பமாகி விடும். நாரையின் இறகு கம்பளி போலத் தெரியும். வெயிலில் திரையும் சரியாகத் தெரியாது.

போன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயர் தெரியாத பறவையைப் படம் எடுத்து வைத்து வீட்டுக்கு வந்து தேடலாம். தூரத்து போர்டை க்ளிக் செய்து, நின்று நிதானமாகப் பெரிதாக்கிப் படிக்கலாம். அதற்குப் போன்தான் சரி. ஆனால் அசைகிற ஒன்றை, அது அசையும்போதே பார்ப்பதற்குக் கண்ணாடிக் குழல்தான்.

போன் கொண்டு போக முடியாத ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வகுப்பு. கண்ணாடி போட்டும் பார்வை குறைவாகவே இருக்கும் பிள்ளைகள், கரும்பலகையைப் படிக்க 4×12, 6×16, 8×20 போன்ற குட்டி மோனோகுலர்களைக் கழுத்தில் மாட்டிக் கொள்கிறார்கள். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகளில் இதற்கென்றே லோ விஷன் பிரிவு இருக்கிறது. அங்கே சோதித்து எத்தனை மடங்கு வேண்டும் என்று எழுதித் தருவார்கள். அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்கு அதன் அப்பா அம்மா, பெரிய எண்ணாக இருக்கிறதே என்று ஒரு 40×60-ஐ வாங்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. என் அப்பா மூன்று வாரத்தில் தப்பித்தார். அந்தப் பிள்ளை, தனக்குத்தான் எதுவும் தெரியாது என்று நினைத்துக் கொண்டு ஒரு வருடம் உட்கார்ந்திருக்கும்.

அதனால்தான் இதைச் சும்மா விடக் கூடாது என்கிறேன். பைனாகுலர், மோனோகுலர்களின் அளவுகளுக்கென்று ஐ.எஸ்.ஓ. 14133 என்ற சர்வதேசத் தர விதிமுறையே இருக்கிறது. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரங்கள் மீது நடவடிக்கை எடுக்க இடம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முன் லென்ஸ் 42 மி.மீ. இருக்கும்போது 60 என்று அச்சடிப்பது, 700 கிராம் பையில் ஒரு கிலோ என்று போடுவதைப் போல்தான். எடைக்கல்லுக்கு முத்திரை கேட்கிற நாம் இதற்குக் கேட்பதில்லை. விற்கும் தளங்களும் இதைக் கண்டுகொள்வதில்லை. ஒரு ஸ்கேலை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடியதை அவர்களால் கண்டுபிடிக்க முடியாதா? நான் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பத்து நாள் கெடு முடிந்து விட்டது என்றார்கள். நட்சத்திரம் போட்ட பலர் பெட்டியைப் பிரித்த அன்றே, எதிர் வீட்டுக் கொடிக்கயிறைப் பார்த்து விட்டுப் போட்டிருப்பார்கள். நானும் வந்த அன்றே ஐந்து போட்டேன். பிறகு போய் மாற்றினேன்.

நான் வாங்கச் சொல்வது

ஊர் சுற்ற, கோயில் பார்க்க, பஸ் நம்பர் படிக்க, மாடியில் நின்று வேடிக்கை பார்க்க என்று எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் 8×25. சட்டைப் பையில் இருப்பதே தெரியக் கூடாது என்றால் 8×20 அல்லது 6×16. வயதானவர்களுக்கு 6 மடங்கு இன்னும் நல்லது. அசையாமல் நிற்கும், பரப்பும் அதிகம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 200 அடிக்கு மேல். கழுத்தை அண்ணாந்து வெறும் கண்ணால் பார்த்தால் மேலே உள்ள சிற்பங்கள் வெறும் மேடு பள்ளம். ஆறு மடங்கில் முகம் தெரியும். மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சிலையையோ, செடியில் உட்கார்ந்த பட்டாம்பூச்சியையோ பார்க்க ஆசையிருந்தால், எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்று கேளுங்கள். சில மாடல்கள் 5 மீட்டருக்கு உள்ளே வந்தால் மங்கி விடும். சில அரை மீட்டர் வரை வரும். அதிகாலைக் காட்டுக்கு 8×32, 8×42. அது பாக்கெட்டில் போகாது, கழுத்தில்தான். மணிக்கணக்காகப் பறவை பார்ப்பவர் என்றால் மோனோகுலரே வேண்டாம், பைனாகுலர் வாங்குங்கள். ஒற்றைக் கண் சீக்கிரம் களைத்துப் போகும்.

"10-30×" என்று ஜூம் உள்ளவற்றை ஒதுக்கி விடுங்கள். பத்திலும் பரப்பு குறைவு, முப்பதிலும் இருட்டு.

லைக்கா, ஜைஸ், நிக்கான், வோர்டெக்ஸ் என்று பெயர் பெற்ற கம்பெனிகளின் சிறிய மோனோகுலர்களைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் எண் 5, 6, 7, 8, 10 என்றுதான் இருக்கும். உலகத்திலேயே சிறந்த லென்ஸ் செய்பவர்கள் இவற்றில் பத்தோடு நிறுத்திக் கொள்ளும்போது, 899 ரூபாய்க்காரர் மட்டும் 40-க்கு எப்படிப் போனார்? இந்த ஒரு கேள்வி அன்று எனக்குத் தோன்றியிருந்தால் போதும். லைக்கா, ஜைஸ் விலை நமக்குக் கட்டாது. அதற்குக் கீழேயும் நேர்மையான எண் போட்ட நல்ல கருவிகள் இருக்கின்றன. அப்பாவுக்கு நான் இரண்டாவதாக வாங்கியது 8×25. ஐ ரிலீஃப் 15 மி.மீ.க்கு மேல். நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. கடைக்கு அவரையே கூட்டிப் போய், கண்ணாடியோடு பார்க்கச் சொல்லி, "சுத்தி கறுப்பு வளையம் முழுசாத் தெரியுதாப்பா?" என்று கேட்டுத்தான் வாங்கினேன். ஆன்லைனில் வாங்குவதென்றால் திருப்பித் தரும் கெடுவை முதலில் பாருங்கள். பார்சல் வந்த அன்றே ஸ்கேலை எடுங்கள்.

2024 ஜனவரியில் மறுபடி வேடந்தாங்கல் போனோம். இந்தத் தடவை அப்பா குழலை என்னிடம் தரவே இல்லை. "சந்து தெரியுதுடா. நடுவுல வெளிச்சம் கூடத் தெரியுது" என்றார். கரண்டிவாயனைக் காட்டினார், பாம்புத் தாராவைக் காட்டினார். நான் வெறும் கண்ணால் பார்த்து ஆமாம் ஆமாம் என்றேன்.

இரண்டு எச்சரிக்கை. எந்தக் குழலையும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். ஒரு நொடி போதும், கண் போய் விடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அடுத்தது பூஞ்சை. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைத்தால் ஒரு மழைக்காலத்தில் லென்ஸுக்குள் வெள்ளை நூல் ஓடி விடும். நைட்ரஜன் நிரப்பி மூடியது என்றால் உள்பக்கத்துக்குக் கொஞ்சம் பாதுகாப்பு. இருந்தாலும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது. புது ஷூ பெட்டியில் வரும் அதே பொட்டலம்தான். பழையதாகி விட்டால் வேறு மாற்றுங்கள். எங்கள் வீட்டில் அந்த டப்பா டி.வி. பக்கத்தில் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் திறந்து பார்த்தால் பொட்டலம் மட்டும்தான் இருக்கும். குழல் மொட்டை மாடியில்.